உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது: வீட்டுச் சாப்பாடா, டப்பா பவுடரா, பசி மாத்திரையா, டியூபா, டிரிப்பா?

அப்பாவுக்கு நுரையீரலில் கட்டி இருப்பது தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே அவருடைய அரைஞாண் கயிறு இடுப்பை விட்டு வழுக்கி இறங்க ஆரம்பித்திருந்தது. "கயிறு தொய்ஞ்சு போச்சு" என்று புதுசு வாங்கிக் கட்டிக்கொண்டார், அதுவும் ஒரே மாதத்தில் தொளதொளவென்று ஆனது. சர்க்கரை, வயசு, கவலை என்று நாங்களும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்புறம் ஸ்கேன், பயாப்ஸி, கீமோ என்று ஓட ஆரம்பித்தபோது எடை என்பது எங்கள் வீட்டில் தினசரிச் சண்டையாகவே மாறிவிட்டது. அம்மா தட்டோடு நிற்பாள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார், நான் நடுவில்.

இப்போது இதே நிலையில் இருக்கிறவர்கள் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். விலை உயர்ந்த அந்தப் புரோட்டீன் டப்பாவை வாங்கலாமா, பசிக்கு மாத்திரை கேட்கலாமா, மூக்கில் டியூப் போட்டுவிடலாமா, ஊரில் எல்லாரும் பாட்டில் ஏற்றச் சொல்கிறார்களே அதைச் செய்யலாமா? நான் டாக்டர் இல்லை. இரண்டு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவன், பார்த்ததைப் புரிந்துகொள்ளக் கிடைத்ததையெல்லாம் படித்தவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், முடிவை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து எடுங்கள்.

## பட்டினியும் இதுவும் ஒன்றல்ல

இது புரியாமல் எதை வாங்கினாலும் ஏமாற்றமாகத்தான் முடியும். சும்மா பட்டினி கிடக்கிற உடம்பு, கையிருப்பில் உள்ள கொழுப்பை முதலில் செலவழித்துத் தசையை முடிந்தவரை காப்பாற்றப் பார்க்கும். புற்றுநோய் வந்த உடம்பில் இந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. கட்டியும் அதை எதிர்க்கிற உடம்பும் சேர்ந்து ஓயாமல் ஓர் அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. அது தசையை உடைக்கிறது, சாப்பிட்ட புரதம் தசையாகச் சேர்வதையும் தடுக்கிறது, மூளைக்குப் போய்ப் பசியையும் அணைக்கிறது. ஜிடிஎஃப்-15 என்று ஒரு புரதம் இருக்கிறது, ரத்தத்தில் அது ஏறினால் மூளைத்தண்டில் போய் ஒட்டிச் சாப்பாட்டையே வெறுக்க வைக்கும். ஆகவே "மனசு வெச்சா சாப்பிடலாம்" என்று நோயாளியைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. நாங்கள் திட்டினோம். அது வேறு கதை.

இதற்கு மருத்துவத்தில் கேக்கெக்ஸியா என்று பெயர். 2011இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி இதற்கு ஒரு வரையறை வைத்தார்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருந்தால் கேக்கெக்ஸியா, ஏற்கெனவே ஒல்லியாகவோ (பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 20க்குக் கீழ்) தசை குறைந்தோ இருக்கிறவர்களுக்கு 2 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். 60 கிலோ ஆள் என்றால் 3 கிலோதான். நம் வீடுகளில் 3 கிலோவை யாரும் எண்ணுவதே இல்லை, "கொஞ்சம் வாடிட்டாரு" என்பதோடு சரி. அதே வரையறை இன்னொன்றும் சொல்கிறது: சாப்பாட்டை மட்டும் கூட்டி இதை முழுசாகத் திருப்பிவிட முடியாது. குறைகிற வேகத்தை மட்டுப்படுத்தலாம், சிலருக்கு நிறுத்தவும் முடியும். ஒரு டப்பா பவுடர் பழைய உடம்பைத் திருப்பிக் கொடுக்கும் என்று எவராவது சொன்னால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

எடை மெஷினையும் முழுக்க நம்ப முடியாது. காலில் நீர் கோத்தாலோ, நெஞ்சைச் சுற்றி நீர் சேர்ந்தாலோ முள் ஏறும், உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும். குண்டாக இருக்கிறவருக்குத் தசை கரைவது வெளியே தெரியவே தெரியாது. டாக்டர்கள் இடுப்பு முதுகெலும்பில் மூன்றாவது எலும்பு மட்டத்தில் சிடி ஸ்கேனைப் பார்த்துத் தசையை அளக்கலாம். வீட்டில் நமக்கு அது தேவையில்லை, நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறதா, பல்செட் ஆடுகிறதா, மரப் பெஞ்சில் உட்கார்ந்தால் "எலும்பு குத்துது" என்கிறாரா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பார்த்தால் போதும். தசை குறைந்தால் கீமோவின் பக்கவிளைவுகளும் கடுமையாகத் தாக்கும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன், இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். கீழே ஒவ்வொரு வழியையும் இவற்றால்தான் உரசிப் பார்க்கப்போகிறேன்.

எங்கே தடை? பசியே இல்லையா, பசி இருந்தும் விழுங்க முடியவில்லையா, நன்றாகச் சாப்பிட்டும் ஒட்டவில்லையா? மூன்றுக்கும் வழி வேறு வேறு.

கூடுவது எது? இரண்டு கிலோ ஏறியது என்றால் அது தசையா, கொழுப்பா, தண்ணீரா? கழிவறைக்குத் தானே நடந்து போகத் தசைதான் உதவும்.

சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது? கதிர்வீச்சின் நடுவில் ஆறு வாரம் தாக்குப்பிடிக்க வேண்டியவருக்கும், மருந்து எல்லாம் நிறுத்தப்பட்டவருக்கும் ஒரே பதில் கிடையாது.

பில்லில் வராத செலவு என்ன? பணம் மட்டுமல்ல, தூக்கம், சர்க்கரை, ரத்தம் உறைதல், சமைக்கிறவரின் முதுகு, சாப்பாட்டு நேரத்துச் சண்டை எல்லாம்.

## எதையும் வாங்கும் முன்

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வலிக்கு மார்ஃபின் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் அப்பா சாப்பாட்டை அறவே நிறுத்திவிட்டார். இரண்டு ஸ்பூன் ரசம் சாதம், "போதும், வயிறு ரொம்பிடுச்சு." நாங்கள் நோய் முற்றிவிட்டது என்றே நினைத்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினோம். வீட்டுக்கு வந்த நர்ஸ் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வெளிக்குப் போயி எத்தன நாள் ஆச்சு?" ஆறு நாள் ஆகியிருந்தது. மார்ஃபினோடு மலமிளக்கி எழுதித்தான் கொடுத்திருந்தார்கள், ஒரு மாத்திரை குறையட்டுமே என்று நாங்கள்தான் அதைத் தவிர்த்துவிட்டோம். அதைத் தொடங்கி இரண்டாம் நாள் காலையில் இட்லி கேட்டார். மூன்று இட்லி.

இப்படி எளிதாகச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு. கீமோவில் வாய்ப்புண், நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, குமட்டல், வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, மூச்சு வாங்குவதால் மெல்ல முடியாமை, ஆடுகிற பல்செட். ரத்தப் பரிசோதனையில் தெரிகிறவையும் உண்டு. சிறு செல் வகைப் புற்றுநோயில் உப்பு, அதாவது சோடியம், குறைந்துபோகும், செதில் செல் வகையில் கால்சியம் ஏறும், இரண்டுமே பசியைக் கொல்லும். இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியையே கட்டிக்கு எதிராகத் தூண்டிவிடுகிற சிகிச்சை, எடுக்கிறவர்களுக்குத் தைராய்டு, அட்ரினல் சுரப்பிகள் கெடலாம். கால்சியம் ஏறியவருக்குக் கூடை கூடையாகப் பழம் வாங்கிக் கொடுத்துப் பயன் இல்லை, ஊசி போட்டு அதை இறக்கினால்தான் வாய் திறக்கும். அடுத்த முறை போகும்போது "சோடியம், கால்சியம், தைராய்டு பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பில்லை.

## வழி 1: வீட்டுச் சாப்பாட்டையே கெட்டியாக்குவது

உடம்பு முடியாதவருக்குக் கஞ்சி என்பது நம் கை தானாகச் செய்கிற காரியம். ஒரு டம்ளர் தண்ணிக் கஞ்சியில் இருப்பது ஒரு பிடி அரிசி, அதில் புரதம் 2 கிராம்கூடத் தேறாது, ஆனால் வயிறு மட்டும் நிறைந்துவிடும். அதே டம்ளரில் தண்ணீருக்குப் பதில் பால், இரண்டு ஸ்பூன் பால் பவுடர், ஒரு ஸ்பூன் நெய் போட்டால் புரதம் 10 கிராமைத் தாண்டும், கலோரி மூன்று மடங்காகும். அளவு அதே டம்ளர். இந்த வழியின் சூட்சுமம் முழுக்க இவ்வளவுதான்: அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுவது.

ஐரோப்பிய ஊட்டச்சத்து நிபுணர்களின் வழிகாட்டுதல், புற்றுநோயாளிக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை என்கிறது. அப்பா அப்போது 52 கிலோ. ஆக 1,300லிருந்து 1,560 கலோரி, 52லிருந்து 78 கிராம் புரதம். கேட்க மலைப்பாக இருக்கும். இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலும் தயிருமாக 16, கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம் 7, நூறு கிராம் மீன் 20, ஒரு பிடி வேர்க்கடலை 7. கூட்டிப் பாருங்கள், 62 வருகிறது. சைவ வீடு என்றால் மீனின் இடத்தில் பனீர், பொட்டுக்கடலை மாவு, சோயா. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் மட்டும் இந்தக் கணக்கை டாக்டரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

நடைமுறையில் எங்களுக்குக் கைகொடுத்தவை: மூன்று வேளையை ஆறாகப் பிரித்தது, காலையில்தான் அவருக்குக் கொஞ்சம் பசி என்பதால் பெரிய சாப்பாட்டைக் காலைக்கு மாற்றியது, தாளிக்கிற வாசனை குமட்டியதால் ஆறின தயிர்சாதம் கொடுத்தது, வாயில் இரும்புச் சுவை என்றபோது எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துவிட்டு மரக்கரண்டி கொடுத்தது. சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பாமல் பார்த்துக்கொண்டோம்.

இதில் ஒளிந்திருக்கிற செலவு சமைக்கிற ஆள்தான். நாளைக்கு ஆறு முறை, ஒவ்வொரு முறையும் "வேண்டாம்" என்று கேட்பதற்காக ஒருத்தி அடுப்படியில் நிற்கிறாள். அப்புறம் பத்தியம் சொல்கிறவர்கள். பால் சளி, முட்டை சூடு, மீன் கரப்பான், சர்க்கரை கட்டியை வளர்க்கும் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தத் தண்ணிக் கஞ்சிதான். சர்க்கரை விஷயம் மட்டும் ஒரு வரி: புற்றுநோய் செல் குளுக்கோஸை நிறைய இழுக்கும் என்பது உண்மை, பெட் ஸ்கேன் வேலை செய்வதே அதனால்தான், ஆனால் நீங்கள் சோற்றை நிறுத்தினால் உடம்பு தசையை உடைத்தாவது குளுக்கோஸ் தயாரித்துக்கொள்ளும். இளைத்துப்போகிறவருக்குச் சோற்றைக் குறைப்பது நஷ்டம்தான். நீரிழிவு இருந்தால் அதை மருந்தால் சமாளிப்பது நல்லது.

விழுங்க முடிகிற எல்லாருக்கும், கடைசிக் கட்டம் தவிர, முதல் வழி இதுதான் என்பது என் கருத்து.

## வழி 2: டப்பா பவுடர், ரெடிமேட் பானம்

எங்கள் வீட்டு ஷெல்ஃபில் 400 கிராம் டப்பா ஒன்று கிட்டத்தட்ட இரண்டு வாரம் இருந்தது. காலையில் இரண்டு ஸ்பூன், இரவு ஒரு ஸ்பூன், பாலில் கலந்து, மருந்து மாதிரி. ஒரு நாள்தான் லேபிளைப் படித்தேன். ஒரு வேளை அளவு என்று அதில் போட்டிருந்தது 50 கிராமுக்கு மேல், அப்படிக் கொடுத்தால் டப்பா ஒரு வாரம்தான் வரும். நாங்கள் கொடுத்த இரண்டு ஸ்பூனில் 90 கலோரிகூட இல்லை, புரதம் 3, 4 கிராம், அதாவது ஒரு முட்டையில் பாதி. காசு கொடுத்து மனநிம்மதி வாங்கியிருக்கிறோம்.

வாங்குவதானால் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். மால்ட் பானங்களில் பெரும்பாலும் சர்க்கரைதான். ஜிம்முக்குப் போகிறவர்கள் வாங்கும் வே புரோட்டீனில் புரதம் நிறைய, கலோரி குறைவு. முழு உணவுக்கு ஈடாகத் தயாரிக்கிற மருத்துவப் பவுடர் இரண்டுக்கும் நடுவில். மீன் எண்ணெயில் இருக்கும் இபிஏ என்ற ஒமேகா-3 சேர்த்த பானங்களும் உண்டு, கீமோ எடுக்கிற, எடை குறைகிற நோயாளிக்கு அவற்றை முயன்று பார்க்கலாம் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன, அழுத்தமாக இல்லை.

காப்பீட்டில் பெரும்பாலும் இதற்குக் காசு வராது. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு வயிற்றுப்போக்கு வரலாம், நுரையீரல் புற்றுநோய்க்கான அஃபாட்டினிப் போன்ற மாத்திரை எடுக்கிறவருக்கு ஏற்கெனவே வயிற்றுப்போக்கு இருக்கும், அதோடு இதுவும் சேர்ந்தால் கஷ்டம். பெரிய நஷ்டம் இன்னொன்று: காலையில் பவுடர் குடித்துவிட்டு "அதான் சத்து போயிடுச்சே" என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள். சாப்பாட்டோடு ஒட்டிக் கொடுக்காமல் இரண்டு வேளைக்கு நடுவில், மடக்கு மடக்காகக் கொடுப்பது நல்லது.

மெல்ல முடியாதபோது, கீமோ முடிந்த முதல் நான்கைந்து நாள் சமைத்த வாசனையே ஆகாதபோது, வீட்டில் சமைக்க ஆளே இல்லாதபோது இது வீட்டுச் சாப்பாட்டைவிட நல்ல தேர்வு. மற்ற நேரத்தில் துணைக்கு.

## வழி 3: பசி மாத்திரை

இதில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் "பசி மாத்திரை" என்று ஒரே பெயரில் நாலைந்து விதமான மருந்துகள் புழங்குகின்றன.

ஸ்டீராய்டு, பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன். இரண்டே நாளில் ஆள் எழுந்து உட்காருவார், பிரியாணி கேட்பார், வீடே கொண்டாடும். அந்த வேகம் சில வாரங்களில் அடங்கிவிடும். நீட்டித்தால் சர்க்கரை ஏறும், தூக்கம் போகும், தொற்று வரும், தொடைத் தசையை இதுவே கரைக்கும். தசைக்காகத் தொடங்கியது தசையையே தின்கிற வேடிக்கை. வீட்டில் ஒரு கல்யாணம், பத்து நாள் தெம்பாக இருக்க வேண்டும் என்றால் டாக்டர் தருவது நியாயம். மூன்று மாதத்துக்கு என்றால் வேண்டாம். இம்யூனோதெரபி எடுக்கிறவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

மெஜெஸ்ட்ரால் ஒரு ஹார்மோன் மருந்து. பசியும் வரும், சிலருக்கு எடையும் ஏறும், ஏறுவது பெரும்பாலும் கொழுப்பும் நீரும். ரத்தக் கட்டி உருவாகும் அபாயம் இருக்கிறது, நுரையீரல் புற்றுநோயே அந்த அபாயத்தைக் கூட்டுகிற நோய், யோசித்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் "பசி டானிக்" என்று கேட்டால் கையில் தருகிற சைப்ரோஹெப்டடீன் சிரப்புக்குப் புற்றுநோய் விஷயத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஆதாரம் இல்லை, தூக்கம் வரும்.

ஓலன்சபைன் கதை சுவாரசியமானது. புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை, கல்லீரல்-கணையம், நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் கீமோ எடுத்த 124 பேரைச் சீட்டுக் குலுக்கியது மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் 2.5 மில்லிகிராம் ஓலன்சபைனும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள் மருந்துப் பக்கம் 60 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 9 சதவீதம். 2023இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே தன் வழிகாட்டுதலைத் திருத்தி இந்த மருந்தைச் சேர்த்தது. நம் பக்கத்து ஊரில் நம்மைப் போலச் சாப்பிடுகிறவர்களிடம் செய்த ஆய்வு என்பதாலும் எனக்கு இதன் மேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. விலையும் மலிவு. தூக்கக்கலக்கம் உண்டு, இரவில் எழுந்து போகும்போது விழாமல் பார்க்க வேண்டும், நாள்பட எடுத்தால் சர்க்கரையும் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கல், இது மனநோய்க்கான மருந்து. இணையத்தில் பெயரைத் தேடிப் பார்த்த மகன் "அப்பாவுக்குப் பைத்தியமா?" என்று அலறி, மாத்திரையைக் குப்பையில் போட்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

ஜப்பானில் 2021இலிருந்து அனமோரெலின் என்ற மாத்திரைக்கு அனுமதி உண்டு. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் அது தசை அளவைக் கூட்டியது, கைப்பிடி வலுவைக் கூட்டவில்லை, ஐரோப்பா அனுமதி மறுத்துவிட்டது. முன்னே சொன்ன ஜிடிஎஃப்-15ஐ மடக்குகிற பொன்செக்ரோமாப் என்ற ஊசி 2024இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில், அதிக அளவு மருந்தில், 12 வாரத்தில் வெற்று ஊசியைவிட 2.81 கிலோ கூடுதல் காட்டியது. அந்த ஆய்வில் இருந்தது 187 பேர்.

பசி இல்லாததுதான் தடை என்றால் மாத்திரை பலன் தரும். விழுங்க முடியாதவருக்குப் பசியைத் தூண்டிவிடுவது கொடுமை.

## வழி 4: டியூப்

மூக்கு வழியாகப் போகிற ரைல்ஸ் டியூப், நாள்பட வேண்டும் என்றால் வயிற்றில் எண்டோஸ்கோப்பி மூலம் வைக்கிற பெக் டியூப். பார்க்கப் பயமாக இருந்தாலும் சரியான இடத்தில் இது உயிர் காக்கிற கருவி. கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்து எடுக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் உணவுக்குழாய் வெந்து எச்சில் விழுங்கவே எரியும், ஆனால் சிகிச்சை முடிந்தால் அது ஆறிவிடும். அந்த இடைவெளிக்கு டியூப் அருமையான பாலம். கட்டி உணவுக்குழாயை நெருக்கினாலும், குரல்வளை நரம்பு பாதித்துக் குரல் கம்மி, தண்ணீர் குடித்தால் புரையேறினாலும் அப்படியே.

கேக்கெக்ஸியாவுக்காக மட்டும், அதாவது விழுங்க முடிகிறது, உடம்பில் ஒட்டவில்லை என்பதற்காக டியூப் போடுவதால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. உள்ளே போகிற சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாததுதான் அங்கே பிரச்சனை. வீட்டில் பார்த்துக்கொள்வது லேசும் இல்லை. தலைப்பக்கம் 30 டிகிரியாவது உயர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் உணவு எதுக்களித்து ஏற்கெனவே நொந்த நுரையீரலுக்குள் போய் நிமோனியா. வீட்டில் அரைத்த கஞ்சி கெட்டியாக இருந்தால் டியூப் அடைக்கும். இரவில் தூக்கக்கலக்கத்தில் பிடுங்கிவிடுவார்கள், விடியற்காலை ஆட்டோ பிடித்து ஓட வேண்டும்.

## வழி 5: டிரிப்

"ரெண்டு பாட்டில் ஏத்துனா தெம்பா இருக்கும்." எல்லா ஊரிலும் இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். 5 சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிக்குள், இரண்டு இட்லி. புரதம் பூஜ்யம். உப்புத் தண்ணீர் பாட்டிலில் கலோரியே இல்லை. வாந்தி, பேதியில் நீர் வற்றியவருக்கு டிரிப் அவசியம், தெம்பு வருவது அதனால்தான், சத்தால் இல்லை. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறவருக்கு ஏற்றினால் மூச்சுத் திணறல் கூடலாம்.

ஆல்புமின் ஊசி இன்னும் மோசமான செலவு. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிற நூறு மில்லி பாட்டிலில் 20 கிராம் புரதம், அதுவும் சாப்பாட்டுப் புரதம் மாதிரி தசைக்குப் போகாது. ரத்தத்தில் ஆல்புமின் குறைவது பெரும்பாலும் அழற்சியால், ஊற்றினால் சில நாளில் பழைய இடத்துக்கே வரும். ரத்தக்குழாய் வழியாக முழு உணவையும் ஏற்றுகிற முறை தனியாக உண்டு, பெரிய ரத்தக்குழாயில் டியூப் வைக்க வேண்டும், தொற்று அபாயம் அதிகம். குடல் அடைத்துக்கொண்டு, சரிசெய்ய வாய்ப்பும் இருக்கிற சிலருக்கு, கொஞ்ச நாளைக்கு மட்டும்.

## இதோடு நடை சேராவிட்டால்

சாப்பாடு செங்கல் மாதிரி, கட்டுவதற்குத் தசைக்கு வேலை வேண்டும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால் தசை மட்டும் ஒரு கிலோ அளவுக்குக் குறைந்தது. நோய் இல்லாதவர்களுக்கே அப்படி. "நீங்க ரெஸ்ட் எடுங்க, நான் தண்ணி கொண்டாறேன்" என்று நாம் காட்டுகிற அன்பு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

அப்பாவுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, முதலில் ஐந்து, அப்புறம் எட்டு, பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குவது, வாசல் வரை நாலு நடை. எலும்புக்குப் பரவியிருந்தால், ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்திருந்தால் கேட்காமல் தொடங்க வேண்டாம். அதிசயமும் எதிர்பார்க்க வேண்டாம். நுரையீரல், கணையப் புற்றுநோயாளிகளுக்குச் சாப்பாடு, பயிற்சி, அழற்சிக்கு மருந்து மூன்றையும் சேர்த்துக் கொடுத்த மெனாக் என்ற ஆய்வின் முடிவு 2024இல் வந்தது: எடை குறைவது நின்றது, தசை அளவிலோ நடக்கிற அடிகளிலோ வித்தியாசம் தெரியவில்லை. எடை நிற்பதே இந்த நோயில் சின்ன விஷயம் இல்லை என்பதால் நான் இதைச் சாதகமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | கூடுவது | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| கெட்டியான வீட்டுச் சாப்பாடு | விழுங்க முடிகிற எல்லாருக்கும் | பயிற்சி சேர்ந்தால் கொஞ்சம் தசை | சமைக்கிறவரின் உழைப்பு, பத்தியச் சண்டை |
| டப்பா பவுடர் | மெல்ல முடியாதபோது, கீமோ நாட்களில் | கலோரி, புரதம் (முழு அளவு கொடுத்தால்) | சாப்பாட்டைத் தள்ளிவிடுவது, வயிற்றுப்போக்கு, பணம் |
| ஓலன்சபைன் | பசியும் இல்லை, குமட்டலும் இருக்கிறது | பசி, எடை | தூக்கக்கலக்கம், சர்க்கரை |
| ஸ்டீராய்டு | சில நாள், சில வாரத் தேவைக்கு | பசி, தெம்பு | தசை கரைவது, சர்க்கரை, தொற்று |
| டியூப் | விழுங்குவதுதான் தடை, அது தீரவும் வாய்ப்பு உண்டு | கலோரி, புரதம் | புரையேறுதல், இரவுக் காவல் |
| டிரிப் | நீர் வற்றியபோது | தண்ணீர் | மூச்சுத் திணறல், பொய் நிம்மதி |

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் மலச்சிக்கல், வாய்ப்புண், வலி, ரத்தப் பரிசோதனை, கூடவே தட்டைக் கெட்டியாக்குவதும் நாற்காலிப் பயிற்சியும். இரண்டு வாரத்தில் எடை நிற்காவிட்டால் ஓலன்சபைன் பற்றி டாக்டரிடம் கேட்பது. கீமோ நாட்களுக்கு ஒரு டப்பா. விழுங்குவதில் தடை வந்தால் தள்ளிப்போடாமல் டியூப், ஏனென்றால் ஐந்து கிலோ போன பிறகு போடுவதைவிட அது போவதற்குள் போடுவதில்தான் லாபம். எடையை வாரம் ஒருமுறை, ஒரே மெஷினில், காலையில் பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் பார்க்கிறவருக்கும் நோய் வரும்.

## எதுவும் வேண்டாம் என்ற கட்டம்

கேக்கெக்ஸியாவின் கடைசிப் படியை மருத்துவத்தில் தனியாகவே குறிப்பிடுகிறார்கள். கட்டிக்கு மருந்து எதுவும் எடுபடாமல், ஆள் படுத்த படுக்கையாகி, மூன்று மாதத்துக்குள்தான் என்ற நிலை. அங்கே மேலே சொன்ன ஐந்து வழிகளில் எதுவும் ஆயுளைக் கூட்டாது. வலுக்கட்டாயமாக ஊட்டுவது வாந்தியையும் புரையேறுவதையும்தான் கூட்டும். பசி இல்லாததால் அவர் சாகப்போவதில்லை, நோய் முற்றியதால்தான் பசி போயிருக்கிறது. வீட்டில் இதை ஒத்துக்கொள்வது மிகவும் கஷ்டம். இதற்காகத்தான் வலி நிவாரண மருத்துவக் குழுவை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலேயே அந்தக் குழுவோடு இருந்தவர்கள் நிம்மதியாகவும் இருந்தார்கள், கூடுதலாகவும் வாழ்ந்தார்கள், 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம்.

அப்பா கடைசி இரண்டு வாரம் கேட்டதெல்லாம் காபி. ஸ்பூனில் மூன்று வாய். அம்மா வழக்கம்போல அவித்த முட்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் துடைத்து, உதட்டில் வெண்ணெய் தடவக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ், "அவருக்கு இது போதும்மா, நீங்க எப்ப சாப்ட்டீங்க?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் திரும்பி வந்தபோது அந்த முட்டையை உப்புத் தொட்டு அவளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.